படித்தவர்களைச் சும்மா இருக்கவிடாத ‘ஜேன் அயர்’: இதெல்லாம் தெரியுமா?

மகள் கைப்பட எழுதிய கடிதங்களைத் துண்டு துண்டாக நறுக்கி, முகம் தெரியாதவர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பிவைத்த தகப்பனார் ஒருவர் இருந்தார், தெரியுமா? இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஹவொர்த் என்றொரு மேட்டுநில ஊர். அந்த ஊர்த் தேவாலயத்தின் குருவானவர் பேட்ரிக் பிரான்டே. அவருடைய மகள் ஷார்லட் 1855 மார்ச் 31 அன்று, 38 வயதில் காலமானார். அதற்குப் பிறகு வந்தன பாருங்கள் கடிதங்கள்! அவர் கையெழுத்தில் கொஞ்சமாவது வேண்டும், ஒரு வரி போதும் என்று கெஞ்சல். கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்ல அந்த முதியவருக்கு மனம் வரவில்லை. மகளின் கடிதங்களை எடுத்தார், ஆளுக்கு ஒரு வரி, இரண்டு வரி என்று வெட்டினார், கொடுத்துக்கொண்டே இருந்தார்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு நாவல். 1847 அக்டோபரில் லண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘ஜேன் அயர்’. அப்பா அம்மா இல்லாத ஒரு சிறுமி. மாமி வீட்டில் அடி, உதை. பிறகு அரைவயிற்றுக் கஞ்சி ஊற்றும் விடுதிப் பள்ளி. வளர்ந்து பெரியவளாகி, தோர்ன்ஃபீல்ட் என்ற மாளிகையில் தங்கிப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியையாக வேலைக்குச் சேர்கிறாள். எசமானர் ரோச்செஸ்டர் மீது காதல். கல்யாணத்தன்று தேவாலயத்திலேயே குண்டு வெடிக்கிறது: அவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, புத்தி பேதலித்த நிலையில் மாளிகையின் மேல்மாடியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள்! ஜேன் கையில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் வெளியேறுகிறாள்.

ஏறத்தாழ 180 ஆண்டுகளாக இந்தக் கதையைப் படித்தவர்கள் யாரும் படித்து முடித்து, மூடி வைத்துவிட்டு, தம் வேலையைப் பார்க்கப் போனதில்லை. எதையாவது செய்திருக்கிறார்கள். அழுதிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள், ஊர்தேடிப் போயிருக்கிறார்கள், ஜன்னலைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்! ஆமாம், ஜன்னலைத்தான். அதற்கு வருவோம்.

முதலில், இந்த நாவல் எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு நோயாளியின் பக்கத்தில்! 1846 ஆகஸ்ட். பேட்ரிக்குக்கு 69 வயது, கண்புரை முற்றிப் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. ஷார்லட் அவரை மான்செஸ்டருக்கு அழைத்துப்போய் வாடகை அறையில் தங்கவைத்து அறுவைச் சிகிச்சை செய்வித்தார். மயக்க மருந்து கிடையாது! ஈதரை வைத்து வலியில்லாமல் அறுக்கலாம் என்று பாஸ்டனில் ஊரறியச் செய்துகாட்டியதே அந்த ஆண்டு அக்டோபரில்தான். அந்தக் கிழவர் கண்ணை அறுக்கும்போது அசையாமல் இருந்தார். பிறகு வாரக்கணக்கில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுக்கை. ஷார்லட்டுக்கோ கடுமையான பல்வலி. போதாக்குறைக்கு, அவருடைய முதல் நாவலின் கைப்பிரதி வேண்டாமென்று திரும்பி வந்ததும் அதே அறுவைச் சிகிச்சை நாளில்! இதற்கு முன்பு தங்கைகள் எமிலி, ஆன் ஆகியோரோடு சேர்ந்து சொந்தக் காசில் கொண்டுவந்த கவிதைப் புத்தகம் முதல் ஓராண்டில் எத்தனை விற்றது தெரியுமா? இரண்டு பிரதி.

வேறு யாராக இருந்தாலும் பேனாவைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஷார்லட் அந்த அறையில் உட்கார்ந்து ‘ஜேன் அயர்’ எழுத ஆரம்பித்தார்.

எழுதிய விதம் இன்னும் ஆச்சரியம். அவருக்குக் கிட்டப்பார்வை. சின்னச் சின்னத் தாள்களைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு பென்சிலால் எழுதுவார். கதை தோர்ன்ஃபீல்டுக்குள் நுழைந்ததும் அவரால் நிறுத்தவே முடியவில்லை. மூன்று வாரம் இடைவிடாமல் எழுதி, ஜேனை அந்த மாளிகையிலிருந்து வெளியே கொண்டுவந்து சேர்த்தபோது ஷார்லட்டுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது! எழுதியவரையே படுக்கையில் தள்ளிய பக்கங்கள் படிப்பவரைத் தூங்கவிடுமா?

கதாநாயகி என்றால் அழகியாக இருந்தாக வேண்டும் என்பது அந்தக் காலத்து எழுதாத சட்டம். தங்கைகளே அப்படித்தான் நினைத்தார்கள். ஷார்லட் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னைப்போலவே குள்ளமான, பார்க்கச் சாதாரணமான ஒருத்தியைப் படைத்து, உங்கள் அழகிகளைப்போல எல்லாரையும் இவளும் கவர்வாள் பாருங்கள் என்று சவால் விட்டார். ஷார்லட்டின் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. என்னைக் கேட்டால், இந்த நாவலின் நீண்ட ஆயுளுக்குப் பாதிக் காரணம் அந்தச் சவாலில் இருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தைப் பிடிக்காமல் திரும்பிய எத்தனை கோடிப் பெண்களுக்கு ஜேன் துணையாக இருந்திருப்பாள்!

சம்பளக் கணக்கும் கேளுங்கள். 1841இல் ஷார்லட் ஒரு பணக்கார வீட்டில் தங்கி ஆசிரியையாக வேலை பார்த்தார். ஆண்டுக்கு 20 பவுண்டு; துணி வெளுக்க அதில் 4 பவுண்டு பிடித்தம். தோர்ன்ஃபீல்டில் ஜேனுக்கு எவ்வளவு கொடுத்தார் தெரியுமா? ஆண்டுக்கு 30 பவுண்டு! தனக்குக் கிடைக்காததைத் தன் நாயகிக்கு அள்ளிக் கொடுத்த தாராளம். அந்த நாவலுக்காகப் பதிப்பகம் ஷார்லட்டுக்குக் கடைசியில் கொடுத்த மொத்தத் தொகை 500 பவுண்டு. பழைய வேலையில் பிடித்தம் போகாமல் 25 ஆண்டு உழைத்தால் கிடைக்கும் பணம்.

இப்போது முதல் வாசகரைப் பார்ப்போம். ஸ்மித், எல்டர் என்ற லண்டன் பதிப்பகம் அந்த முதல் நாவலை மறுத்தாலும், மூன்று பாகத்தில் வேறு கதை இருந்தால் அனுப்புங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தது. அந்த முதல் நாவல் அவர்களிடம் போன கோலம் உண்டே! ஏற்கெனவே நிராகரித்த பதிப்பகங்களின் பெயர்களை அடித்துவிட்டு, அதே பழைய உறையில் அனுப்பியிருந்தார் ஷார்லட். சூது வாது தெரியாத மனுஷி. ‘ஜேன் அயர்’ 1847 ஆகஸ்ட் 24 அன்று கீத்லி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பியது. பார்சல் கூலியை அங்கே முன்கூட்டி வாங்க மறுத்துவிட்டார்கள். எவ்வளவு என்று சொன்னால் தபால்தலையாக அனுப்பிவிடுகிறேன் என்று கடிதம் போட்டார்.

பதிப்பகத்தின் முதலாளி ஜார்ஜ் ஸ்மித். வயது 23. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரம் முடித்துக் கைப்பிரதியைப் பிரித்தார். நண்பகலில் ஒரு நண்பரோடு குதிரைச் சவாரி போவதாக ஏற்பாடு. மணி நெருங்கியது. கையிலிருந்ததைக் கீழே வைக்க முடியவில்லை. இன்று வர இயலாது என்று சீட்டெழுதிக் கொடுத்தனுப்பினார். வேலைக்காரர் வந்து சாப்பாடு தயார் என்றார். ஒரு சாண்ட்விச் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் படித்துக்கொண்டேயிருந்தார். இரவுச் சாப்பாடும் அவசர அவசரம்தான். படித்து முடித்த பிறகே படுக்கப் போனார்! அனுப்பி எட்டு வாரத்துக்குள் புத்தகம் அச்சாகிக் கடையில் இருந்தது. கணினி இல்லை, மின்சாரம் இல்லை, எழுத்தெழுத்தாகக் கையால் கோத்து மூன்று பாகம்!

அடுத்து கவிழ்ந்தவர் யார் தெரியுமா? கல்கத்தாவில் பிறந்த மாபெரும் நாவலாசிரியர் தாக்கரே. அப்போது அவர் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலைத் தொடராக எழுதிக்கொண்டிருக்கிறார், அச்சகத்தார் அடுத்த பகுதிக்காக வாசலில் காத்திருக்கிறார்கள். மனிதர் வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க ‘ஜேன் அயர்’ படித்தார். காதல் கட்டங்களில் அழுதேவிட்டார். கணப்புக்கு நிலக்கரி கொண்டுவந்த வேலைக்காரர், எசமான் கண்ணீர் விடுவதைப் பார்த்துத் திகைத்துப்போனாராம்.

விக்டோரியா மகாராணியும் தப்பவில்லை. 1858இல் கணவர் ஆல்பர்ட்டுக்கு இந்த நாவலை இரவுகளில் சத்தமாக வாசித்துக் காட்டியதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பேரரசை ஆண்டவர், ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பளக்காரியின் கதையைக் கேட்கக் கணவரை உட்காரவைத்திருக்கிறார்!

ஆனால் எழுதியது யார்? அதுதான் யாருக்கும் தெரியாது. அட்டையில் இருந்த பெயர் ‘கரர் பெல்’. ஆணா பெண்ணா என்றே பிடிபடாத பெயர். லண்டன் முழுக்க இதே பேச்சு. இரண்டாம் பதிப்பைத் தாக்கரேக்குச் சமர்ப்பித்தார் ஷார்லட், தாம் வணங்கிய எழுத்தாளர் என்பதால். அங்கேதான் வினை. தாக்கரேயின் மனைவி மனநலம் குன்றி, வீட்டைவிட்டுத் தனியே பராமரிக்கப்பட்டு வந்தார். ஹவொர்த்தில் இருந்த ஷார்லட்டுக்கு அது எப்படித் தெரியும்? ஊர் சும்மா இருக்குமா? கரர் பெல் என்பவள் தாக்கரே வீட்டில் வேலை பார்த்த ஆசிரியை, ரோச்செஸ்டர் என்பதே தாக்கரேதான் என்று வதந்தி பறந்தது. விஷயம் தெரிந்தபோது ஷார்லட் துடித்துப்போனார்.

திட்டியவர்களும் உண்டு. 1848 டிசம்பரில் ‘குவாட்டர்லி ரிவியூ’ இதழில் எலிசபெத் ரிக்பி என்ற பெண்மணியே இது கிறிஸ்துவ நெறிக்கு விரோதமான புத்தகம் என்று எழுதினார். எழுதியவர் பெண் என்றால் தம் இனத்தாரின் சகவாசத்துக்கே தகுதி இழந்தவள் என்ற பொருளில் சாடினார். தங்கை எமிலி காசநோயில் இறந்ததும் அதே மாதம்தான். ஜேன் என்ன குற்றம் செய்தாள்? ஏழையாக இருந்துகொண்டு, நானும் உங்களுக்குச் சமமான உயிர்தான் என்று எசமானரின் முகத்துக்கு நேரே சொன்னாள். மனைவி இருக்கும் மனிதரோடு வாழமாட்டேன் என்று, அவர் மீது உயிரையே வைத்திருந்தபோதும், சொன்னாள். ஒழுக்கத்தைக் காப்பாற்றியவளையே ஒழுக்கமில்லாதவள் என்றார்கள். அவள் முதுகு வளையாததுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

1848 ஜூலையில் நடந்தது ஒரு துப்பறியும் கதைக்குச் சமம்! ஆன் எழுதிய நாவலையும் ‘ஜேன் அயர்’ எழுதியவரின் படைப்பு என்று வேறொரு பதிப்பாளர் அமெரிக்காவில் விற்கப் பார்த்தார். நாங்கள் ஒருவரல்ல, தனித்தனி ஆட்கள் என்று நிரூபிக்க ஷார்லட்டும் ஆனும் புறப்பட்டார்கள். இடிமழையில் கீத்லி வரை நடை, அங்கிருந்து லீட்ஸ், லீட்ஸிலிருந்து இரவு ரயில், காலையில் லண்டன். பதிப்பகத்துக்குள் நுழைந்த அந்தச் சின்ன உருவப் பெண், ஜார்ஜ் ஸ்மித் கரர் பெல்லுக்குத் தம் கையால் எழுதிய கடிதத்தையே அவரிடம் நீட்டினார். இது உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று திகைத்தார் ஸ்மித். தபால் நிலையத்திலிருந்து என்றார் ஷார்லட். உலகமே தேடிய ஆசிரியர் எதிரே நிற்கிறார்!

வீட்டில்கூட எல்லாருக்கும் தெரியாது, தெரியுமா? புத்தகம் நன்றாக விற்றுப் பெயர் வாங்கிய பிறகுதான் ஷார்லட் ஒரு பிரதியையும் விமர்சனங்களையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குள் போனார். தேநீர் நேரத்தில் வெளியே வந்த பேட்ரிக், ஷார்லட் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறாளாம், நினைத்ததைவிட நன்றாகவே இருக்கிறது என்று மற்ற மகள்களிடம் சொன்னார். சகோதரர் பிரான்வெல்லுக்கோ கடைசிவரை எதுவும் தெரியாது. 1848 செப்டம்பரில் அவர், டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன். எட்டு மாதத்தில் மூன்று சாவு. இரவுகளில் மேசையைச் சுற்றி நடந்தபடி எழுதியதைப் படித்துக்காட்டிப் பேசுவது மூன்று சகோதரிகளின் வழக்கம். அதற்குப் பிறகு ஷார்லட் மட்டும் தனியாக நடந்ததாக வேலைக்காரப் பெண் சொல்லியிருக்கிறார். அந்த மேசையில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தை யாரோ கீறியிருக்கிறார்கள், மைக்கறை இருக்கிறது, மெழுகுவத்தி சுட்ட தழும்பு இருக்கிறது. 2015இல் 5,80,000 பவுண்டு நிதியுதவியில் அதை வாங்கி அந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்!

ஜேனும் ஷார்லட்டும் வாசகர்களுக்கு ஒருவராகவே ஆகிப்போனார்கள். 1851இல் லண்டனில் ஒரு சொற்பொழிவுக்குப் போனபோது, தாக்கரே எல்லார் முன்னிலையிலும் அவரை ‘ஜேன் அயர்’ என்று சொல்லித் தம் தாயாருக்கு அறிமுகப்படுத்திவிட்டார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெளியேறும்போது இருபுறமும் வரிசைகட்டி நின்று பார்த்தார்கள். கூச்சத்தில் நடுங்கியபடி அந்த வரிசைகளின் நடுவே நடந்தார் ஷார்லட். மறுநாள் தாக்கரேக்குச் சரியான அர்ச்சனை!

1861இல் பேட்ரிக் காலமானார். ஆறு பிள்ளைகளையும் புதைத்துவிட்டு 84 வயதுவரை வாழ்ந்த மனிதர். அந்த ஆண்டுதான் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வாசகர், ஷார்லட் உறங்கிய அறையின் ஜன்னல் சட்டத்தையே கண்ணாடியோடு எடுத்துக்கொண்டு போனார். அவர் பார்த்த அதே கண்ணாடி வழியாகத் தானும் பார்க்க வேண்டுமாம்! 1893இல் பிரான்டே சங்கம் பிறந்தது. 1928இல் அந்தக் குடும்பம் வாழ்ந்த குருமனை அருங்காட்சியகம் ஆனது. இன்று சுற்றியுள்ள மேட்டுநிலத்து நடைபாதையில் ஜப்பானிய மொழியிலும் வழிகாட்டிப் பலகை இருக்கிறது. ஜப்பானிலிருந்து அத்தனை பேர் வருகிறார்கள்!

அந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 14 வயதில், 1830 ஆகஸ்டில், ஷார்லட் கையால் செய்த குட்டிப் பத்திரிகை. அளவு 35 மில்லிமீட்டருக்கு 61 மில்லிமீட்டர். அதற்குள் 4,000 சொற்களுக்கு மேல்! பொம்மைச் சிப்பாய்கள் படிப்பதற்காகப் பிள்ளைகள் செய்த புத்தகங்கள் இவை. 2011 ஏலத்தில் கைநழுவிப் பாரிஸுக்குப் போய்விட்டது. சங்கம் விடவில்லை. வாசகர்களிடம் நன்கொடை திரட்டி, 2019இல் பாரிஸில் 6,00,000 யூரோவுக்கு ஏலம் எடுத்து மீட்டுக்கொண்டு வந்தார்கள். உள்ளே ஒரு கதையில் படுக்கைத் திரை தீப்பற்றி எரிகிறது. நாவலில் ரோச்செஸ்டரின் படுக்கைத் திரைக்குத் தீ வைப்பாளே அந்த மேல்மாடிப் பெண், அந்தக் காட்சி 17 ஆண்டுகளுக்கு முன்பே சிறுமியின் மனத்தில் எரியத் தொடங்கியிருக்கிறது!

மேல்மாடியில் பூட்டப்பட்ட அந்த பெர்த்தா, ஜமைக்காவிலிருந்து வந்தவள். கரீபியத் தீவான டொமினிகாவில் பிறந்த ஜீன் ரைஸுக்கு அவளை அப்படி வெறும் பயங்கரமாக விட்டுவிட மனம் ஒப்பவில்லை. அவள் பக்கத்துக் கதையைத் தாமே எழுதினார்: ‘வைட் சர்காசோ சீ’, 1966, அப்போது அவருக்கு 76 வயது. இப்படியும் ஒரு காதல் உண்டு. நேசித்த புத்தகத்தோடு வழக்காடுவது. அந்த நியாயத்தைக் கேட்ட பிறகு ‘ஜேன் அயர்’ படித்தால், மாடியில் கேட்கும் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி ஒலிக்கிறது.

நம் பக்கமும் வந்திருக்கிறாள் ஜேன்! திலீப் குமாரும் மதுபாலாவும் நடித்த இந்திப் படம் ‘சங்தில்’, 1952, இந்தக் கதைதான். 1969இல் ஜி. எஸ். மணி இயக்கத்தில் ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த ‘சாந்தி நிலையம்’ பார்த்திருக்கிறீர்களா? அதன் வேரும் ஹவொர்த்தில்தான் இருக்கிறது. மார்கஸ் பார்ட்லிக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித் தந்த படம். நாவலுக்குள்ளேயும் இந்தியா உண்டு: ஊழியத்துக்காக இங்கே வரத் துடிக்கும் செயின்ட் ஜான் ரிவர்ஸ், ஜேனுக்கு இந்துஸ்தானி சொல்லிக்கொடுக்கிறார், மனைவியாக வா என்கிறார். தங்கையாக வருகிறேன், மனைவியாக வரமாட்டேன் என்கிறாள் அவள். உலகம் முழுக்க 60க்கும் அதிகமான மொழிகளில், 600 தடவைக்கு மேல் மொழிபெயர்த்திருக்கிறார்கள்!

இரண்டு புள்ளிகளுக்காக நடந்த போராட்டம் தெரியுமா? பிரான்டே என்ற பெயரின் கடைசி எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வர வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 1939இல் மூன்று சகோதரிகளுக்கும் பதித்த நினைவுக் கல்வெட்டில் அவை விடுபட்டுப்போயின. யுத்தம் தொடங்கிய நேரம். ஒரு வாசகியின் கண்ணில் பட்டது, கேட்டார், விடாமல் கேட்டார். 2024 செப்டம்பரில், 85 ஆண்டு கழித்து, கல்தச்சர் வந்து புள்ளிகளைச் செதுக்கினார்.

கடைசியாக, எல்லாவற்றையும் மிஞ்சும் ஒன்று. யார்க்ஷயரில் ரிப்பன் நகருக்கு அருகே நார்ட்டன் கோனியர்ஸ் என்ற பழைய மாளிகை இருக்கிறது. மாடியறையில் ஒரு பைத்தியக்காரப் பெண்ணைப் பூட்டிவைத்திருந்தார்கள் என்று அங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு கதை. 1839இல், ஆசிரியை வேலையில் இருந்தபோது, ஷார்லட் அங்கே போய் அந்தக் கதையைக் கேட்டார் என்பார்கள். நாவலில் பெர்த்தாவின் அறைக்குப் போகும் கதவு சுவர்த்திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும், நினைவிருக்கிறதா? தோர்ன்ஃபீல்ட் இதுதான் என்று வாசகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2004இல் அந்த வீட்டுக்காரர்கள் மரப்பலகைச் சுவருக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்த ஒன்றைத் திறந்தார்கள். மேல்மாடிக்கு ஏறிப்போகும் ரகசியப் படிக்கட்டு!